மலையேறிப் பார்க்க வேண்டிய கடாரம்

ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரைச் சேர்ந்த ஹெல்முட் சிமோன், எரிகா சிமோன் தம்பதி 1991ஆம் ஆண்டு கோடையின் கடைசியில் ஆல்ப்ஸ் மலையில் நடைப்பயணம் போனார்கள். செப்டம்பர் 19ஆம் நாள், 3,210 மீட்டர் உயரத்தில், வழக்கமான பாதையிலிருந்து சற்று விலகி இறங்கும்போது, உருகிய பனிக்கு நடுவே ஒரு மனித உடல் குப்புறக் கிடப்பதைக் கண்டார்கள். மலையேற வந்து விபத்தில் இறந்துபோன யாரோ ஒருவர் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆய்வு செய்தபோது அது ஏறத்தாழ 5,300 ஆண்டுப் பழைய உடல் என்று தெரிந்தது. ஓட்ஸி என்று உலகம் அழைக்கும் அந்த மனிதர் 1998 முதல் வட இத்தாலியின் போல்சானோ நகர அருங்காட்சியகத்தில், மைனஸ் 6 டிகிரிக் குளிரறையில் இருக்கிறார். ஒரு சிறிய சன்னல் வழியாகத்தான் அவரைப் பார்க்க முடியும். அவரோடு கிடைத்த கோடரியின் செம்பு, ஆல்ப்ஸிலிருந்து வெகு தெற்கே இருக்கும் டஸ்கனியில் எடுத்த தாதுவிலிருந்து வந்தது என்று 2017இல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ஒற்றை மனிதனின் சாவாகத் தெரிந்த விஷயம் அதன்பிறகு மலைகளைத் தாண்டி நடந்த ஒரு வணிகத்தின் சாட்சியாகிவிட்டது. போல்சானோவுக்குப் போகும் பயணிகள் அருங்காட்சியகத்தைப் பார்த்த கையோடு கேபிள் காரில் ரெனோன் பீடபூமிக்கு ஏறுகிறார்கள். கீழே நகரம், சுற்றிலும் டோலமைட் சிகரங்கள், இடையில் கணவாய்கள். செம்பு எப்படி இவ்வளவு தூரம் நடந்து வந்தது என்பது அங்கே நிற்கும்போதுதான் விளங்கும்.

இதே போன்ற ஒரு கதை, பழைய கடாரமான மலேசியாவின் கெடாவிலும் உண்டு. அதிலும் நடுவில் இருப்பவர்கள் ஒரு தம்பதிதான். 1936–37இல் குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவருடைய மனைவி டோரதி வேல்ஸும் குனோங் ஜெராய் மலையின் தென் அடிவாரத்தில் இறங்கி, மெர்போக், பூஜாங், சுங்கை பத்து என்று ஆற்றோரமாகத் தேடி, முப்பது இடங்களைப் பதிவு செய்தார்கள். மண்மூடிக் கிடந்த செங்கல் மேடைகள், கருங்கல் அடித்தளங்கள், தூண் குழிகள் ஒவ்வொன்றையும் அளந்து வரைந்தார்கள். 1940இல் அந்த ஆய்வு வெளிவந்தது. இந்தியர்கள் அலை அலையாக இங்கே குடியேறினார்கள் என்று அவர்கள் வகுத்த கொள்கையை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. உள்ளூர் மக்களே கடல்வழி வந்த சமயங்களையும் கலைகளையும் தேவைக்கேற்ப எடுத்துக்கொண்டார்கள் என்பதே இப்போதைய கருத்து. ஆனாலும் அவர்கள் எடுத்த அளவுகளும் போட்ட எண்களும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. போருக்குப் பிறகு 1947இல் வந்த அடுத்த கட்டுரையில் டோரதியின் பெயரே முதலில் அச்சானது. மனைவியைக் கணவனின் உதவியாளராக மட்டும் எழுதிய காலத்தில் அது சாதாரண விஷயம் அல்ல.

பாடாங் செராயிலிருந்து மெர்போக்குக்குக் காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கூலிம், லூனாஸ், சுங்கை பட்டாணி வட்டாரத் தமிழர்களுக்குக் கடாரம் கொல்லைப்புறத்து ஊர். பள்ளிப் பேருந்திலோ இயக்கங்களின் சுற்றுலாவிலோ பலர் ஒருமுறையாவது அங்கே போயிருப்பார்கள். அந்தப் பயணங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி அமைகின்றன. அருங்காட்சியகம், புக்கிட் பத்து பஹாட் கோயில் அடித்தளத்தின் முன் ஒரு படம், ராஜேந்திர சோழன் 1025இல் கப்பற்படையோடு வந்து கடாரம் வென்றான் என்ற உரை, பிறகு சாப்பாடு. தலைக்கு மேலே 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலையை யாரும் ஏறுவதில்லை. மலையை விட்டுவிட்டுப் பார்க்கும் கடாரம் ஒரு போர்க்களமாகச் சுருங்கிவிடுகிறது என்பதே என் வாதம். துறைமுகத்தையும் மலையையும் சேர்த்து, அவசரமில்லாமல், இரண்டு நாள் பார்த்தால் அதே இடம் உழைப்பும் வணிகமும் வளர்த்த ஊராக எழுந்து நிற்கும். அப்படிப் பார்ப்பதற்கு நாற்பது பேர் கொண்ட பேருந்தைவிட இரண்டு பேர் போகும் பயணமே ஏற்றது.

ஜெராய் ஒரு மலைத்தொடரின் பகுதி அல்ல. சமவெளியில் தனியாக, கடலை ஒட்டி நிற்கும் மலை. தெளிந்த வானத்தில் நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இருப்பவர்களுக்கும் தெரியக்கூடிய உயரம் அதற்கு உண்டு. இலங்கையின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு நேர் கிழக்கே வரும் கப்பல், ஏறக்குறைய அதே அட்சரேகையில் வந்தால் இந்த மலைக்கு முன்னால்தான் வந்து சேரும். திசைகாட்டி இல்லாத காலத்து மாலுமிக்கு இதைவிடப் பெரிய உதவி கிடைத்திருக்காது. அன்று கரை இன்றைய இடத்தில் இல்லை. மெர்போக் முகத்துவாரம் உள்நாட்டுக்குள் அகன்று கிடந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல்தான் பின்னாளில் நிலமாயிற்று. கெடாவின் பழங்கதையான மெரோங் மகாவங்சாவில் ஜெராய் ஒரு தீவாகவே வருகிறது. மலையுச்சிச் சாலையில் நின்று பார்த்தால் அந்தக் கதைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை என்று தோன்றும். வடக்கே கண்ணுக்கு எட்டியவரை மூடா பாசனத் திட்டத்தின் நெல்வயல்கள். தெற்கே செம்பனையும் ரப்பரும். மேற்கே மலாக்கா நீரிணை, அதில் பினாங்கு, வானம் ஒத்துழைத்தால் லங்காவி. தட்டையான அந்த நிலத்தையெல்லாம் நீராக மாற்றிக் கற்பனை செய்வது கடினம் அல்ல.

கரை தெரிந்தால் மட்டும் கப்பல் நின்றுவிடாது. நிற்பதற்குக் காரணம் வேண்டும். முதல் காரணம் காற்று. சீனத் துறவி யீஜிங் 671இல் குவாங்டோங்கிலிருந்து புறப்பட்டு, ஸ்ரீவிஜயம் வழியாகக் கெடாவுக்கு வந்து, அங்கிருந்து வங்காளக் கரைக்குக் கப்பலேறினார். அவர் காலத்தில் வாழ்ந்த வூசிங் என்ற இன்னொரு துறவி, கெடாவில் குளிர்காலம் வரை தங்கி, மேற்கே முப்பது நாள் பயணம் செய்து, நாகப்பட்டினம் என்று அறிஞர்கள் கருதும் துறையை அடைந்தார் என்றும் யீஜிங் எழுதியிருக்கிறார். ஒரு பருவக்காற்று கொண்டுவந்து விட, மறு பருவக்காற்று வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர்களுக்கு நல்ல தண்ணீர், அரிசி, பாதுகாப்பான துறை, வழிபட ஓர் இடம் எல்லாம் தேவை. தண்ணீரை மலை தந்தது. ஜெராயின் எல்லாப் பக்கங்களிலும் ஓடைகளும் அருவிகளும் இறங்குகின்றன. தூப்பா, பத்து ஹம்பார், செரி பெரிகி என்று இன்றும் குடும்பங்கள் குளிக்கப் போகும் அந்த அருவிகள்தான் அன்றைய துறைமுகத்தின் நீர்நிலைகள். புக்கிட் பத்து பஹாட் கோயில் ஓர் ஓடைக்கரையில் நிற்பதும், அதற்கான கருங்கல் அந்த மலைச்சரிவிலேயே கிடைத்ததும் தற்செயல் அல்ல.

இரண்டாவது காரணம் இரும்பு. பீடோங்கை அடுத்த சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் 2009இல் தொடங்கிய அகழாய்வில் உலைகளும் கசடுக் குவியல்களும், உலைக்குக் காற்றூதிய சுட்டமண் துருத்திக் குழாய்களும் பெருமளவில் கிடைத்தன. பக்கத்திலேயே செங்கல் கட்டிய படகுத்துறை மேடைகள். சில உலைகளுக்குச் சொல்லப்படும் மிகப் பழைய காலக்கணிப்பு பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டுகளில் இங்கே இரும்பு உருக்கினார்கள் என்பதில் பெரிய விவாதம் இல்லை. ஜெராயின் அடிவாரத்தில் தாது, காட்டில் கரிக்கு மரம், ஆற்றில் போக்குவரத்து. மூன்றும் ஒரே இடத்தில் இருந்ததால்தான் உலை எரிந்தது. ஓட்ஸியின் கோடரி மலைகளுக்கு இடையே ஒரு வணிகத்தைக் காட்டுவது போல, சுங்கை பத்துவின் துருத்திக் குழாய்கள் கடலுக்கு அக்கரையோடு நடந்த வணிகத்தைக் காட்டுகின்றன. ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். ஓட்ஸியிடம் செம்பு வெளியூரிலிருந்து வந்தது. கடாரத்தில் இரும்பு இங்கேயே பிறந்தது. வந்தவர்களுக்குக் கொடுப்பதற்கு இந்த மண்ணிடம் சொந்தப் பொருள் இருந்தது.

இப்போது 1025க்கு வருவோம். கடாரம் கொண்டான் என்ற பட்டம் நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்ததை எத்தனை மேடைகளில் சொல்கிறோம்? கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் கட்டத் தொடங்கினான். அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் அதை முடித்தான். அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடையாகக் கொடுத்தவன் ராஜேந்திரனின் தந்தை ராஜராஜன். அந்த ஆவணம் இன்று பெரிய லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றிருக்கிறது. காலம் 1006ஐ ஒட்டியது. 1025இல் படையெடுப்பு. பிறகு 1090இல், கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி, அதே விகாரத்தின் உரிமைகளை முதலாம் குலோத்துங்கன் உறுதி செய்தான். அதைச் சிறிய லெய்டன் செப்பேடு சொல்கிறது. கொடைக்கும் படைக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டு; படைக்குப் பிறகு மறுபடியும் உறவு. இரண்டு கரைகளும் ஒன்றையொன்று விட்டு வாழ முடியாமல் இருந்ததையே இந்தச் செப்பேடுகள் காட்டுகின்றன. போர் அந்த நீண்ட உறவில் வந்த ஒரு வெட்டு. அதை மட்டும் எடுத்துக் கொண்டாடுவது, நம் முன்னோர் பல நூற்றாண்டு செய்த வணிகத்தையும் பயணத்தையும் குறைத்துப் பேசுவதாகும்.

பாடாங் செராய்க்காரர்களுக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. விக்டோரியா, ஹென்ரியெட்டா, பாடாங் மேஹா என்று தோட்டப் பெயர்களில் வளர்ந்த சமூகம் இது. கடாரத்தின் பல எச்சங்கள் தோட்ட நிலங்களில்தான் கிடைத்தன. ஆய்வுக் குறிப்புகளில் சுங்கை பத்து எஸ்டேட் என்றே இடப்பெயர் வருகிறது. துர்க்கை, கணேசர் உருவத் துண்டுகள் கிடைத்தது அங்கேதான். விடியலில் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, மங்கு கழுவி வாழ்ந்த மக்களின் காலடியில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய உழைப்பாளிகளின் கசடுக் குவியல்கள் கிடந்திருக்கின்றன. உலை ஊதியவர்களின் பெயரை எந்தச் செப்பேடும் எழுதவில்லை. பால் வெட்டியவர்களின் பெயரும் தோட்டக் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே அதிகம் எழுதப்படவில்லை. சோழ மன்னனைவிட அந்த உலைக்காரர்களே நமக்கு நெருங்கிய சொந்தம் என்று நான் நினைக்கிறேன்.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்த கண்ணுக்கு முட்டி உயர அடித்தளங்கள் ஏமாற்றமாகத்தான் தெரியும். இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். கோயில்களின் மேற்பகுதி மரத்தாலும் ஓலையாலும் அமைந்திருந்ததால் அது அழிந்துபோனது. அடித்தளமும் தூண் தாங்கிய கற்களுமே மிச்சம். புக்கிட் பத்து பஹாட் கோயிலை 1959–60இல் அலஸ்டர் லேம்ப் ஆய்ந்து சீரமைத்தபோது, அடியில் சிறு குழிகள் குடைந்த கல்பெட்டிகள் கிடைத்தன. பொன், வெள்ளித் தகடுகளும் மணிகளும் வைத்துக் கோயிலை எழுப்பிய முறை அது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு நின்றால் அந்த முட்டி உயரக் கல் பேசத் தொடங்கும். போல்சானோவிலும் பயணிகள் கடைசியில் பார்ப்பது ஒரு சிறு சன்னலுக்குப் பின்னால் சுருங்கிய உடல் ஒன்றைத்தான். அது வியப்பைத் தருவதற்குக் காரணம், சுற்றியுள்ள அறைகளும் வெளியே நிற்கும் மலையும் அதற்கு அர்த்தம் தருவது. தவிர, பார்க்க வேண்டியது முடிந்துபோகவும் இல்லை. ஜெராய்க்கு வடக்கே யான் மாவட்டத்து புக்கிட் சோராஸ் குன்றை வேல்ஸ் 1937இலேயே பார்த்திருந்தார். 2023 முதல் அங்கே தோண்டியபோதுதான் பெரிய பௌத்தக் கட்டடமும் ஆளுயரச் சுதைச் சிற்பங்களும் வெளிப்பட்டன.

இரண்டாவது மறுப்பு சற்றுக் கனமானது. கடாரத்தைப் பற்றித் தமிழர்கள் பேசினால் உரிமை கோருவதாகச் சிலர் எண்ணுகிறார்கள். பேசாவிட்டால் வரலாற்றை மறைக்கிறார்கள் என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். இந்தச் சிக்கலில் தலையிடாமல் விலகிப் போவதே நல்லது என்று பலர் நினைக்கலாம். ஓட்ஸிக்கும் இதே சிக்கல் வந்தது. முதலில் அவரை ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகருக்குக் கொண்டுபோனார்கள். பிறகு எல்லையை அளந்தபோது, அவர் கிடந்த இடம் இத்தாலிக்குள் 92.56 மீட்டர் தள்ளி இருப்பது தெரிந்தது. போல்சானோ நகரமே முதல் உலகப் போருக்குப் பிறகு ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்கு வந்த பகுதி. ஜெர்மன் பேசுவோரும் இத்தாலியம் பேசுவோரும் பல பத்தாண்டுகள் மோதிக்கொண்ட ஊர் அது. ஆனால் 5,300 ஆண்டுக்கு முன் வாழ்ந்தவர் ஜெர்மானியரும் அல்லர், இத்தாலியரும் அல்லர். இன்று இரு தரப்பினரும் அவரைப் பார்க்க ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கடாரத்திலும் பௌத்தரும் சைவரும் வைணவரும் இருந்தார்கள். பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் ஒரே மண்ணில் கிடக்கின்றன. உலை ஊதியவர்கள் இந்த மண்ணின் மக்கள். யாருக்கும் முழு உரிமை இல்லாத, எல்லாருக்கும் பங்கு உள்ள இடம் அது. 2013இல் பதினோராம் எண் சண்டியை, அதாவது ஒரு பழங்கோயில் அடித்தளத்தை, ஒரு வீடமைப்பு வேலைக்காக இடித்துவிட்டார்கள். செய்தி வந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் நடப்பில் இருந்தும் அது நடந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத அடித்தளம் ஒரு மண்மேடாகத்தான் புல்டோசர் ஓட்டுபவரின் கண்ணுக்குத் தெரியும். வாரந்தோறும் மலாய், சீன, தமிழ்க் குடும்பங்கள் வந்து பார்க்கும் இடத்தை அப்படி எளிதில் இடிக்க முடியாது. போய்ப் பார்ப்பதும் ஒரு பாதுகாப்புதான்.

கணவனும் மனைவியும் தனியாகப் போவதா என்ற கேள்வி நம் வீடுகளில் இன்னும் எழுகிறது. தோட்ட வாழ்க்கையில் பயணம் என்றால் திருவிழா, கல்யாணம், கருமாதி. பெண்கள் அங்கேயும் அடுப்படியிலேயே நின்றார்கள். ஊரைப் பார்ப்பதற்காகவே ஒரு பெண் தன் கணவனோடு புறப்படுவது ஆடம்பரமாகத் தோன்றிய காலம் நெடுங்காலம் நீடித்தது. பெரியவர்களையும் பிள்ளைகளையும் விட்டுப் போகச் சொல்வது தன்னலம் என்று சொல்வோரின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் குடும்பமாகப் போகும்போது ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, ஒருவர் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ள, இடத்தைப் பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஒருமுறை இருவராகப் பார்த்தவர்கள் அடுத்தமுறை பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் வழிகாட்டிகளாக மாறுவார்கள். நேரமும் தடைதான். கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. பினாங்கில் சனி, ஞாயிறு. ஒருவர் கெடா அரசுப் பள்ளியிலும் மற்றவர் பினாங்குத் தொழிற்சாலையிலும் வேலை செய்தால் இருவருக்கும் பொதுவான நாள் சனி மட்டுமே. ஒருவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் போதும், இரண்டு நாள் கிடைத்துவிடும். செலவு பெட்ரோலும் ஓர் இரவுத் தங்கலும். இத்தாலிக்குப் போக வசதியுள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும். ஜெராயை ஏறிவிட்டுப் போனால் போல்சானோவில் எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

ஆபத்து பற்றிய கவலையை மட்டும் நான் மறுக்கப்போவதில்லை. 2021 ஆகஸ்டு 18ஆம் நாள் ஜெராயில் பெய்த கனமழையில் மலையிலிருந்து நீரும் பாறையும் மரங்களும் ஒன்றாக இறங்கி, யான் பகுதியில் ஆறு உயிர்கள் போயின. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே உச்சியில் மழை பெய்யலாம். ஓடை கலங்கினால், இலைதழை மிதந்து வந்தால், உடனே கரையேற வேண்டும். நமக்குக் கோடை என்று ஒரு பருவம் இல்லை. ஆண்டுத் தொடக்கத்து வறண்ட வாரங்களே இந்த மலைக்கு ஏற்றவை. முதல் நாள் சுங்கை பத்து, பிறகு 1980இல் திறந்த மெர்போக் அருங்காட்சியகம். பெண்டியாட், பெண்டாங் டாலாம் கோயில்களின் அடித்தளங்களை வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறார்கள். மறுநாள் விடியலில் குரூணிலிருந்து மேலேறும் 13 கிலோமீட்டர் சாலை. வளைவுகள் அதிகம், இறங்கும்போது தாழ்ந்த கியரில் வர வேண்டும். காலையில் ஏறினால் மேகம் மூடுவதற்குள் முதல் நாள் நடந்த இடங்களை மேலிருந்து ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். வரிசையை மாற்றி முதலில் மலையேறினால் காட்சி அழகாக இருக்கும், ஆனால் எதைப் பார்க்கிறோம் என்று தெரியாது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. போல்சானோ அருங்காட்சியகம் ஜெர்மன், இத்தாலியம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் தன் கதையைச் சொல்கிறது. ஜெராயையும் அதன் அடிவாரத்தையும் சேர்த்து விளக்கும் ஒரு சிறு தமிழ்க் கையேடு ஒவ்வொரு தம்பதியின் காரிலும் இருக்க வேண்டும். அரசாங்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் வாசகர் வட்டங்களும் சேர்ந்தால் நாற்பது பக்கத்தில் முடித்துவிடலாம். முதல் பக்கத்தில் மலையின் வரைபடம், அதில் பழைய கடற்கரை எங்கே இருந்தது என்ற கோடு. அடுத்து அருவிகள், தாது கிடைத்த இடங்கள், உலைகள், படகுத்துறைகள். பிறகு யீஜிங், ஆனைமங்கலம், வேல்ஸ் தம்பதி, சுங்கை பத்து எஸ்டேட். ராஜேந்திரன் இருபதாம் பக்கத்தில் வரட்டும்.